கொலை வழக்கில் ஜாமீன்: நீதிபதி எதைப் பார்க்கிறார்?

கேள்வி:

"ஐயா, வணக்கம். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் அங்கன்வாடி ஊழியராக இருக்கிறேன். என் தம்பிக்கு 23 வயது. குட்டியானை (சின்னச் சரக்கு வண்டி) ஓட்டிப் பிழைக்கிறான். கோயில் கொடையில் நடந்த தகராறுக்குப் பிறகு எங்கள் ஊரில் ஒருவரை வெட்டிக் கொன்றுவிட்டார்கள். வெட்டியவர்களில் இரண்டு பேரைத் தன் பைக்கில் கொண்டுபோய் இறக்கிவிட்டான் என்று என் தம்பியை நான்காவது குற்றவாளியாகச் சேர்த்திருக்கிறார்கள். 'பைபாஸ் வரைக்கும் விடச் சொன்னாங்க, விட்டேன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது' என்று சிறையில் மனு பார்க்க, அதாவது அவனை நேரில் சந்திக்க, போகும்போதெல்லாம் சொல்லி அழுகிறான். பாளையங்கோட்டை சிறையில் இன்றோடு 38 நாள். அவன் மேல் இதற்கு முன் ஒரு வழக்கும் கிடையாது. எஃப்.ஐ.ஆரில் அவன் பெயரும் இல்லை. செஷன்ஸ் கோர்ட்டில் ஜாமீன் மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். ஹைகோர்ட்டுக்குப் போகலாம் என்கிறார் ஒருவர். 90 நாள் பொறுத்தால் தானாக வந்துவிடுவான் என்கிறார் இன்னொருவர். மறுபடி மனு போட்டால் குண்டாஸ் போட்டுவிடுவார்கள் என்று ஊரில் பயமுறுத்துகிறார்கள். கோர்ட் வாசலில் ஒருவர் 3 லட்சம் கொடுத்தால் ஒரே வாரத்தில் வெளியே எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். இறந்தவரின் அம்மா எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். அவர் காலில் விழுந்தாவது 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதி வாங்கலாமா என்று தோன்றுகிறது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கை வராது. தம்பி திருப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கிறான் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறோம். நான் என்ன செய்யட்டும்?"

பதில்:

சகோதரி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இறந்தவரின் அம்மா வீட்டுக்குப் போகும் எண்ணம் இருந்தால் அதை இன்றைக்கே விட்டுவிடுங்கள். நீங்களும் போக வேண்டாம், உறவுக்காரர் யாரையும் அனுப்பவும் வேண்டாம். ஏன் என்று பின்னால் விளக்கமாகச் சொல்கிறேன். மற்றதையெல்லாம் இரண்டு நாள் யோசித்துச் செய்தாலும் குடி முழுகிப் போகாது.

தம்பி ஒன்றும் செய்யவில்லை என்று முழுமையாக நம்புகிறீர்கள். செஷன்ஸ் நீதிமன்றத்தில் அதை எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லையே என்ற வருத்தம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. கிரிமினல் வழக்குகளிலேயே இருபது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்ட எனக்கு இந்த வருத்தம் ரொம்பப் பழக்கம். ஜாமீன் மனு மறுக்கப்பட்ட அன்று மாலை, அநேகமாக எல்லாக் குடும்பமும் இதையேதான் கேட்கும்: "அவன் செய்யலைன்னு ஜட்ஜுக்குத் தெரியலையா?" தெரிந்துகொள்வதற்கான கட்டம் இது இல்லை, சகோதரி. சாட்சிகளைக் கூண்டில் ஏற்றி, குறுக்கு விசாரணை முடிந்த பிறகுதான் யார் செய்தார் என்ற கேள்விக்கு நீதிமன்றம் பதில் சொல்லும். ஜாமீன் மனுவின்போது அதற்குள் ஆழமாகப் போகக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. இப்போது நீதிபதி தனக்குள் கேட்டுக்கொள்வது வேறு: இந்த ஆளை வெளியே விட்டால் வழக்குக்குத் திரும்பி வருவாரா? சாட்சிகளை மிரட்டுவாரா? வெளியே போய் இன்னொரு சம்பவம் நடக்குமா? போலீஸ் தரும் காகிதங்களைப் புரட்டினால், மேலோட்டமாகவாவது இவருக்கு இதில் பங்கு இருப்பது தெரிகிறதா, அந்தப் பங்கு எவ்வளவு பெரியது?

2010-ல் மேற்கு வங்கத்துக் கொலை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்விகளை வரிசையாக எழுதி வைத்தது. அந்த வழக்கில் கல்கத்தா உயர் நீதிமன்றம் காரணம் சொல்லாமல் ஜாமீன் கொடுத்திருந்தது. அதை ரத்து செய்யும்போதுதான், குற்றத்தின் தன்மை, கிடைக்கக்கூடிய தண்டனை, தலைமறைவாகும் வாய்ப்பு, ஆளின் பின்னணி, மீண்டும் குற்றம் செய்யும் வாய்ப்பு, சாட்சியைக் கலைக்கும் ஆபத்து என்று எதையெதைப் பார்க்க வேண்டும் என்பதைச் சொன்னார்கள். இன்றைக்கும் கொலை வழக்கு ஜாமீன் என்றால் இரு தரப்பு வழக்கறிஞர்களும் அந்தப் பட்டியலை வைத்துத்தான் பேசுகிறோம்.

ஜாமீன்தான் விதி, சிறை விலக்கு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1977-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் ராஜஸ்தான் வழக்கு ஒன்றில் சொன்னது அது. அது உண்மை. ஆனால் அதே தீர்ப்பில், ஆள் ஓடிப்போகவோ சாட்சிகளை மிரட்டவோ வாய்ப்பு இருந்தால் வேறு மாதிரி யோசிக்கலாம் என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றங்களுக்குச் சட்டத்திலேயே தனிக் கடுமை உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 480-வது பிரிவு, அதாவது பழைய சட்டத்தின் 437. அதன்படி இப்படிப்பட்ட குற்றத்தைச் செய்ததாக நம்ப நியாயமான காரணம் இருந்தால் மாஜிஸ்திரேட் ஜாமீன் தர முடியாது. பெண்கள், சிறுவர்கள், நோயாளிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதனால்தான் உங்கள் வழக்கறிஞர் மாஜிஸ்திரேட்டிடம் நேரத்தைச் செலவிடாமல் நேராக செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். செஷன்ஸ் நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் 483-வது பிரிவில், அதாவது பழைய 439-ல், இந்தத் தடை கிடையாது. செஷன்ஸில் தள்ளுபடி ஆனதால் கதவு மூடிவிட்டது என்று நினைக்காதீர்கள். அதே அதிகாரம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கும் இருக்கிறது.

அங்கே என்ன நடக்கும் என்று சொல்கிறேன். அப்போதுதான் எதற்குத் தயாராக வேண்டும் என்று புரியும். காலையில் பட்டியலில் உங்கள் தம்பியின் மனு எண்ணைக் கூப்பிடுவார்கள். நம் வழக்கறிஞர் எழுந்து, ஏ4, எஃப்.ஐ.ஆரில் பெயர் இல்லை, இத்தனை நாளாக உள்ளே இருக்கிறார், முன்வழக்கு இல்லை என்று இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்க வேண்டும். பிறகு நீதிபதி அரசு வழக்கறிஞரைப் பார்த்துக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இவருடைய ரோல் என்ன?" பக்கத்தில் சிடி ஃபைலோடு (போலீஸின் விசாரணைக் குறிப்பேடு) நிற்கும் எஸ்.ஐ. காதில் ஏதோ சொல்வார். அரசு வழக்கறிஞர் அதைத் திருப்பிச் சொல்வார்: "ஏ1, ஏ2 வெட்டியவர்கள். ஏ3 ஆளைப் பிடித்துக்கொண்டவர். இவர் பைக் ஓட்டியவர். பைக் கைப்பற்றப்பட்டது. முன்வழக்கு இல்லை. விசாரணை நிலுவையில் இருக்கிறது." இந்த ஆறேழு வாக்கியத்தில்தான் உங்கள் தம்பியின் அடுத்த சில மாதங்கள் இருக்கின்றன. அதனால்தான் வழக்கறிஞர் அமைந்த பிறகும் நீங்கள் சும்மா இருக்கக் கூடாது என்கிறேன். எஃப்.ஐ.ஆர் நகல், காவலில் வைக்கக் கேட்டு போலீஸ் மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்த ரிமாண்ட் ரிப்போர்ட், செஷன்ஸ் நீதிமன்றத்தின் தள்ளுபடி உத்தரவு ஆகிய மூன்றையும் கையில் வாங்குங்கள். எஃப்.ஐ.ஆரைத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம், எந்தப் பிரவுசிங் சென்டரிலும் எடுத்துத் தருவார்கள்.

ரிமாண்ட் ரிப்போர்ட்டில் தம்பியின் பெயர் எங்கே முதலில் வருகிறது என்று பாருங்கள். கண்ணால் பார்த்த சாட்சி சொன்னதில் வருகிறதா? சிசிடிவியில் வண்டி தெரிந்தது என்று இருக்கிறதா? செல்போன் அழைப்புப் பட்டியலை வைத்துச் சொல்கிறார்களா? அல்லது ஏ1 கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தில் மட்டும்தான் இருக்கிறதா? போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்து யாரையும் தண்டிக்க முடியாது. புதிய சாட்சியச் சட்டத்தின் 23-வது பிரிவும் அதைத்தான் சொல்கிறது. அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவுக்கு மட்டும்தான் அது செல்லும். ஆகவே தம்பிக்கு எதிராக இருப்பது இன்னொருவரின் வாக்குமூலம் மட்டும்தான் என்றால், அது ஜாமீனில் உங்களுக்குப் பலமான வாதம். மாறாக, சம்பவம் முடிந்ததும் அதே பைக்கில் அவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பியதாகச் சாட்சியோ சிசிடிவியோ இருந்தால் நிலைமை மாறிவிடும். "இறக்கிவிட்டேன், வந்துவிட்டேன்" என்பதும், "காத்திருந்து கூட்டிக்கொண்டு போனார்" என்பதும் சட்டத்தின் பார்வையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். தம்பியிடம் அடுத்த முறை மனு பார்க்கும்போது அழ விடாமல் இந்த ஒன்றைக் கேளுங்கள். அவர் சொல்வதை வழக்கறிஞரிடம் அப்படியே சொல்லுங்கள். மறைத்தால் அங்கே அரசு வழக்கறிஞர் ஃபைலைத் திறக்கும்போது நம்மவர் வாயடைத்து நிற்க வேண்டியிருக்கும்.

எப்போது போவது என்பது அடுத்தது. செஷன்ஸில் என்ன காரணம் சொல்லித் தள்ளினார்கள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. முதல் மாதத்தில் தள்ளுபடியானால் பெரும்பாலும் "விசாரணை ஆரம்ப கட்டத்தில் உள்ளது, முக்கிய சாட்சிகளை இன்னும் விசாரிக்கவில்லை" என்றுதான் இருக்கும். அப்படியானால் அந்த நிலைமை மாறினால் அதையே புதிய காரணமாகச் சொல்லலாம். நேரில் பார்த்த சாட்சிகள் மாஜிஸ்திரேட் முன்னிலையில் வாக்குமூலம் கொடுத்து முடித்துவிட்டார்களா, பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்துவிட்டதா, ஆயுதங்களைக் கைப்பற்றிவிட்டார்களா என்று உங்கள் வழக்கறிஞரை விசாரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இவை முடிந்திருந்தால் இப்போதே மதுரைக்குப் போகலாம். முடியவில்லை என்றால் இரண்டு வாரம் கழித்துப் போவது என் அனுபவத்தில் நல்லது. அவசரப்பட்டுப் போய் அங்கேயும் தள்ளுபடி ஆனால் அடுத்த மனுவுக்குப் புதிதாக ஏதாவது காட்ட வேண்டும். புது மனுவில் முந்தைய மனுக்கள் எப்போது போட்டோம், என்ன ஆயின என்று ஒளிக்காமல் எழுதவும் வேண்டும். உடன் கைதானவர்களில் வேறு யாருக்காவது ஜாமீன் கிடைத்தால் அதைச் சுட்டிக்காட்டலாம். அவருடைய பங்கும் தம்பியின் பங்கும் ஒரே மாதிரி இருந்தால்தான் அது எடுபடும். வெறுமனே ஒரே வழக்கு என்றால் போதாது.

சரி, 90 நாள். இதில்தான் ஏழை வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். "தானாக" வராது, சகோதரி. அதே நடைமுறைச் சட்டத்தின் 187(3)-வது பிரிவு, பழைய 167(2), என்ன சொல்கிறது என்றால்: மரணம், ஆயுள், அல்லது பத்து வருடமும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் 90 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், கைதி ஜாமீன் கேட்டு, ஜாமீன்தாரர் கொடுக்கத் தயாராக இருந்தால், விட்டே ஆக வேண்டும். கொலை வழக்கானாலும் சரி. குற்றம் எவ்வளவு கொடியது என்பதை அப்போது பார்க்கக் கூடாது. "கேட்டு" என்ற சொல்தான் முக்கியம். 91-வது நாள் காலையில் நீங்கள் கேட்காமல் இருந்து, மதியம் போலீஸ் குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். கேட்டுவிட்டால், பிறகு அரை மணி நேரம் கழித்துக் குற்றப்பத்திரிகை வந்தாலும் உரிமை போகாது. 2020-ல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு போதைப்பொருள் வழக்கில் அப்படித்தான் நடந்தது. கெடு முடிந்த மறுநாள் மனு போட்டார்கள். மனு நிலுவையில் இருக்கும்போதே அதே நாளில் அதிகாரிகள் குற்றப்பத்திரிகைக்குச் சமமான தங்கள் புகாரைத் தாக்கல் செய்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் ஜாமீனை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் திருப்பிக் கொடுத்தது.

அதே 2020-ல் மதுரை சமயநல்லூர் காவல் நிலைய வழக்கு ஒன்றும் உண்டு. கொரோனா ஊரடங்கால் தாமதம் என்று போலீஸ் சொன்ன காரணத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஊரடங்கு இருந்தாலும் ஒருவரை உள்ளே வைத்திருக்கும் கெடு நீளாது என்று சொல்லிவிட்டது. இன்னொரு தமிழ்நாட்டு வழக்கில் இந்த வகை ஜாமீனுக்கு 8 லட்சம் ரூபாய் கட்டச் சொன்ன நிபந்தனையையும் அதே ஆண்டு நீக்கியது. எண்ணுவது எப்படி என்பதிலும் குழப்பம் இருந்தது. 2023-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்துவிட்டது: ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும். உதாரணத்துக்கு ஜூன் 1-ல் ரிமாண்ட் என்றால் ஆகஸ்ட் 29 தொண்ணூறாவது நாள். ஆகஸ்ட் 30 காலை கோர்ட் திறக்கும்போது உங்கள் வழக்கறிஞர் மனுவோடு மாஜிஸ்திரேட் முன் நிற்க வேண்டும். கைது செய்த தேதியை வைத்து எண்ணாதீர்கள், ரிமாண்ட் தேதியை வைத்து எண்ணுங்கள். ரிமாண்ட் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துவிட்டு, 85-வது நாளிலிருந்து தினமும் வழக்கறிஞரைக் கூப்பிடுங்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

ஆனால் இதை நம்பிச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாம். கொலை வழக்கில் பெரும்பாலும் கெடு முடிவதற்குள் குற்றப்பத்திரிகை போட்டுவிடுவார்கள். இன்னொன்றும் உங்கள் காதில் விழுந்திருக்கலாம்: முதல் தடவை வழக்கில் சிக்கியவர், மூன்றில் ஒரு பங்கு தண்டனைக் காலத்தை உள்ளே கழித்தால் விட்டுவிடுவார்கள் என்று. புதிய சட்டத்தின் 479-வது பிரிவில் அது இருக்கிறது. ஆனால் மரண தண்டனை, ஆயுள் தண்டனை உள்ள குற்றங்களுக்கு அது பொருந்தாது என்றும் அதே பிரிவில் எழுதியிருக்கிறது. தம்பி வழக்கில் அது உதவாது.

குண்டாஸ் பயம் நியாயமானது. ஊரில் சொல்வது முழுப் பொய்யும் இல்லை. 1982-ன் 14-வது தமிழ்நாடு சட்டம் அது. மாவட்ட ஆட்சியரோ போலீஸ் கமிஷனரோ உத்தரவு போட்டால் விசாரணை இல்லாமலே 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். ஏற்கெனவே சிறையில் இருக்கிறவர் மேல் எதற்குப் போடுகிறார்கள்? ஜாமீனில் வெளியே வந்து மறுபடி குற்றம் செய்யக்கூடும் என்பதுதான் அவர்கள் எழுதும் காரணம். அதனால்தான் ஜாமீன் மனு நிலுவையில் இருப்பதை அந்த உத்தரவில் மேற்கோள் காட்டுவார்கள். 2011-ல் ரேகா எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜாமீன் மனுவே நிலுவையில் இல்லாதபோது வெளியே வரும் வாய்ப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை என்று ஒரு தடுப்புக் காவலை ரத்து செய்தது. இதைக் கேள்விப்பட்டுத்தான் மனுவே போட வேண்டாம் என்று சிலர் ஆலோசனை சொல்கிறார்கள்.

உங்கள் தம்பி விஷயத்தில் அந்த ஆலோசனையை நான் ஏற்கவில்லை. குண்டர் என்று அந்தச் சட்டம் சொல்வது வழக்கமாகக் குற்றம் செய்பவரை. முன்வழக்கு ஒன்றும் இல்லாத, பைக் ஓட்டியதாக மட்டும் சொல்லப்படுகிற ஒருவர் மேல் அதைப் போடவே மாட்டார்கள் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். போட்டால் நிற்பது கஷ்டம். உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டு, நம் கோரிக்கை மனுவை அரசு தாமதமாகப் பரிசீலித்தது, கொடுத்த நகல் படிக்க முடியாமல் மங்கலாக இருந்தது, கைதிக்குத் தெரிந்த மொழியில் மொழிபெயர்ப்பு தரவில்லை என்ற காரணங்களுக்காகவே நிறைய உத்தரவுகள் ரத்தாகின்றன. ஒன்றை மட்டும் ஞாபகம் வையுங்கள். குண்டாஸ் உத்தரவு வந்துவிட்டால், கொலை வழக்கில் ஜாமீன் கிடைத்தாலும், 90 நாள் ஜாமீன் கிடைத்தாலும் ஆள் வெளியே வர முடியாது. அந்த உத்தரவையும் தனியாக உடைக்க வேண்டும். அப்படி ஒரு காகிதத்தைச் சிறையில் தம்பியிடம் கொடுத்தால் அன்றைக்கே உங்களுக்குத் தகவல் வர வேண்டும் என்று அவரிடம் சொல்லி வையுங்கள்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. இறந்தவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவரா, நீங்கள் வேறு சாதியா? கொடைத் தகராறு என்றதும் எனக்கு அதுதான் முதலில் தோன்றியது. அப்படியானால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்ந்திருக்கும், வழியே வேறு. ஜாமீன் மனு அதற்கான சிறப்பு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அங்கே மறுத்தால் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குத் தகவல் கொடுத்து, அவர்கள் பேச வாய்ப்புத் தந்த பிறகுதான் எதையும் முடிவு செய்ய முடியும். அந்தச் சட்டம் அப்படி இருப்பது சரியென்றே நான் நினைக்கிறேன். உங்களுக்கு அது சிரமமாக இருந்தாலும் சொல்கிறேன்.

இப்போது அந்த அம்மா விஷயம். 2022-ல் லக்கிம்பூர் கேரி வழக்கில் அலகாபாத் உயர் நீதிமன்றம் மத்திய இணை அமைச்சராக இருந்தவரின் மகனுக்குக் கொடுத்த ஜாமீனை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இறந்தவர்களின் குடும்பத்தார் சொல்வதைச் சரியாகக் கேட்கவில்லை என்பது அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. பாதிக்கப்பட்டவருக்கு வழக்கின் ஒவ்வொரு கட்டத்திலும் பேச உரிமை உண்டு என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. ஆகவே அந்த அம்மாவும் ஒரு வழக்கறிஞர் மூலம் மதுரையில் ஆஜராகி, ஜாமீன் கொடுக்கக் கூடாது என்று சொல்லலாம். சொல்வார் என்றே எதிர்பாருங்கள். நீங்கள் எழுதி வாங்க நினைக்கும் காகிதத்துக்குக் கொலை வழக்கில் ஒரு மதிப்பும் கிடையாது. அது சமாதானமாகப் போகக்கூடிய குற்றம் இல்லை. ஆனால் அந்தக் காகிதத்துக்காக நீங்கள் அவர் வீட்டுப் படி ஏறியது, சாட்சியைக் கலைக்க முயற்சி என்று சிடி ஃபைலில் ஏறிவிடும்.

நான் வாதாடி ஜாமீன் வாங்கிக் கொடுத்த ஒரு வழக்கில் இது நடந்தது. பையன் வெளியே வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அவனுடைய மாமா நல்லெண்ணத்தோடுதான், இரண்டு சீப்பு வாழைப்பழமும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் வாங்கிக்கொண்டு, இறந்தவரின் மனைவியைப் பார்க்கப் போனார். நடந்தது நடந்துபோச்சு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளம்மா என்று சொன்னாராம். அந்தப் பெண் கதவைச் சாத்திக்கொண்டு அண்ணனுக்கு போன் செய்தார். ஜாமீனை ரத்து செய்யச் சொல்லிப் போலீஸ் மனு போட்டது. நீதிபதி என்னைப் பார்த்துக் கேட்டார்: "புருஷன் செத்து அஞ்சு மாசம் ஆகல. அந்த வீட்டுல போய் இவங்களுக்கு என்ன பேச்சு?" என்னிடம் பதில் இல்லை. பையன் திரும்ப உள்ளே போனான். அந்தப் பெண்ணின் முகத்தை நான் அன்றைக்குக் கோர்ட் வராந்தாவில் பார்த்தேன். கைக்குழந்தையோடு தூணில் சாய்ந்து நின்றிருந்தார். வாழைப்பழம் வந்த அந்த ராத்திரி அவர் எவ்வளவு பயந்திருப்பார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. உங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் அம்மாவும் இப்போது அப்படித்தான் இருப்பார். எதிரே வந்தால் ஒதுங்கிப் போங்கள். தண்ணீர்க் குழாயடியில்கூடப் பேச்சு வேண்டாம்.

3 லட்சம் கேட்பவருக்குப் பத்துப் பைசா கொடுக்காதீர்கள். ஒரு வாரத்தில் ஜாமீன் என்று எந்த வழக்கறிஞராலும் உத்தரவாதம் தர முடியாது. தருகிறவர் ஏமாற்றுகிறார். கிடைக்க வேண்டிய ஜாமீன் கிடைத்தால் தன்னால் என்பார், கிடைக்காவிட்டால் ஆளையே பார்க்க முடியாது. கையில் பணம் இல்லை என்றால், சிறையில் இருப்பவர் யாராக இருந்தாலும் இலவச வழக்கறிஞர் கேட்கச் சட்டப்படி உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

யுஏபிஏ எனும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம், பணமோசடிச் சட்டம், 20 கிலோவுக்கு மேல் கஞ்சா பிடிபட்ட வழக்கு என்றால் நான் இவ்வளவு நம்பிக்கையோடு எழுதியிருக்க மாட்டேன். அங்கே ஜாமீனுக்குத் தனித் தடைகள் உண்டு. பணமோசடியிலும் கஞ்சாவிலும் இவர் குற்றம் செய்யவில்லை என்று நம்பக் காரணம் இருப்பதாக நீதிபதிக்கே தோன்ற வேண்டும். அங்கேயும்கூட வழக்கு நகராமல் கிடந்தால் ஜாமீன் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2024 செப்டம்பரில் செந்தில் பாலாஜிக்கு 15 மாதம் கழித்துக் கிடைத்தது அந்த அடிப்படையில்தான். தம்பி வழக்கில் அந்தத் தடை எதுவும் இல்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. தம்பி திரும்பி வருவார், ஓடமாட்டார் என்பதைக் காகிதத்தில் காட்டுங்கள். டிரைவிங் லைசென்ஸ், ரேஷன் கார்டு, வண்டிக் கடன் தவணைப் புத்தகம், அப்பாவின் மருத்துவச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போடுங்கள். ஊரிலேயே இருந்தால் மோதல் வரும் என்று நீதிபதி யோசிப்பார். அதனால் வெளியூரில் தங்க ஒரு இடம் இப்போதே பார்த்து வையுங்கள், திருச்சியிலோ கோவையிலோ உறவினர் வீடு இருந்தால் நல்லது. ஜாமீன் கிடைத்தால் அங்கே தங்கி, அந்த ஊர்க் காவல் நிலையத்தில் தினமும் காலை 10.30-க்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை வர வாய்ப்பு அதிகம். ஒரு நாள்கூட விடக் கூடாது. காய்ச்சல் வந்தால் வழக்கறிஞரிடம் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிச் சீட்டை வைத்துக்கொள்ள வேண்டும். வாய்தாவுக்கு வராமல் போனால் ஜாமீன் ரத்தாவதோடு அதற்கே இன்னொரு வழக்கும் பாயும்.

ஜாமீன்தாரர் பொதுவாக இரண்டு பேர் கேட்பார்கள், ஒருவர் ரத்த உறவாக இருந்தால் நல்லது. போட்டோ, இடது கைப் பெருவிரல் ரேகை, ஆதார் அல்லது வங்கிப் புத்தக நகல் கேட்பார்கள். கோர்ட் வாசலில் காசுக்கு ஜாமீன்தாரர் கிடைப்பார்கள், அந்தப் பக்கமே போகாதீர்கள். 1978-ல் ஒரு கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டு, அவருடைய சகோதரர் வேறு மாவட்டத்தில் இருக்கிறார் என்பதற்காக அவரை ஏற்க மறுத்தார் மத்தியப் பிரதேசத்தில் ஒரு மாஜிஸ்திரேட். கிருஷ்ணய்யர் கோபமாகக் கேட்டார்: ஒரு தமிழரோ மலையாளியோ வட நாட்டில் கைதானால் அங்கே சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார்? ஆகவே உங்கள் சொந்தக்காரர் பக்கத்து மாவட்டத்தில் இருந்தாலும் அவரைக் கூட்டி வரலாம். உத்தரவு வந்து ஒரு வாரம் ஆகியும் ஜாமீன்தாரர் கொடுக்க முடியாமல் ஆள் உள்ளேயே இருந்தால், சிறைக் கண்காணிப்பாளர் அதை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அதையும் கேட்டு வாங்கலாம்.

வீட்டு வரி ரசீது யார் பெயரில் இருக்கிறது? அப்பா பெயரில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் அவரே ஒரு ஜாமீன்தாரராக மாஜிஸ்திரேட் முன் நிற்க வேண்டி வரலாம். வர முடியாத நிலை என்றால் தாய்மாமாவோ சித்தப்பாவோ போதும். எப்படியானாலும் அந்த ரசீதையும் பட்டாவையும் அவர் பெட்டியிலிருந்து எடுக்கும் நாள் வரும். அன்றைக்குத் திருப்பூர் என்ற கதை நிற்காது. அதற்கு முன்னால், அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நீங்களே அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். காலையில் மாத்திரை போட்ட பிறகு, வீட்டில் வேறு ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள்.